ஒரு கை தூரத்தில் பார்த்தால் போதும்

இரண்டு மாதத்துக்கு முன் இதே பத்திரிகையில், மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான குட்டிப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நாட்டிங்ஹாமில் நர்ஸ் வேலை பார்க்கிற, ஐம்பது தாண்டிய ஒருத்தி, இரவு டியூட்டி முடித்து வந்து ஓர்க் பூதங்களுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். படித்திருக்கிறார்கள். வந்த கடிதங்களில் பாதி, “ஆரம்பித்துவிட்டேன், சொதப்பிவிட்டது” என்கிற ரகம். அவற்றுக்கு முதலிடம்.

*

கே: பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை. நண்பர் வீட்டில் இந்த விளையாட்டைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. எதை வாங்கி எங்கே தொடங்குவது? – ஆதம்பாக்கம் வாசகர்

ப: முதலில் எதை வாங்கக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். முழுப் படையை வாங்காதீர்கள். என் மகனுக்குப் பன்னிரண்டு வயதில் அந்தத் தப்பைத்தான் செய்தேன். பிறந்தநாள் பரிசாக ஒரு பெரிய பெட்டி. உள்ளே சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் கையும் காலும் தலையுமாக நூற்றுக்கணக்கான துண்டுகள். எட்டு பொம்மை முடித்தான், பதினாலு வயதில் கிடார் பக்கம் போய்விட்டான். மீதியை நான் எடுத்துக்கொண்டேன். இந்தப் பொழுதுபோக்குக்கு நான் வந்த கதை அவ்வளவுதான்.

பத்து பொம்மையில் ஆடக்கூடிய விளையாட்டாகப் பாருங்கள். ஃப்ராஸ்ட்கிரேவ் என்று ஒன்று இருக்கிறது, 2015இல் வந்தது. ஒரு மந்திரவாதி, அவருக்கு ஒரு சீடர், கூட எட்டு அடியாட்கள் வரை. பத்து பேரோடு முடிந்தது கணக்கு. எந்தக் கம்பெனிப் பொம்மையை வைத்தும் ஆடலாம். இந்த விளையாட்டுகளில் ரொம்பப் பிரபலமான வார்ஹேமர்தான் வேண்டும் என்றால் அதிலும் சின்னப் பெட்டியாகத் தொடங்குங்கள்.

வார்ஹேமரை நடத்தும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1975இல் லண்டனில் தொடங்கிய கம்பெனி. பொம்மை வார்க்கும் சிட்டடெல் 1979இல் வந்தது. வார்ஹேமர் விளையாட்டு 1983, அதன் விண்வெளி வாரிசான ‘நாற்பதாயிரம்’ 1987. இன்றைக்கு அவர்களுடைய தலைமையகம் எங்கள் ஊரில்தான். பெர்ரி சகோதரர்கள், வார்லார்ட் என்று இன்னும் பல பொம்மைக் கம்பெனிகளும் இங்கேயே இருப்பதால், இந்த வட்டாரத்துக்கு ‘லெட் பெல்ட்’ என்று செல்லப்பெயர். பழைய பொம்மைகளை ஈயக் கலவையில் வார்த்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்.

பெயிண்ட்? கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், அடர் பழுப்பு, வெளிர் பழுப்பு, வெள்ளி. ஒன்பதாவதாக ஒரு பழுப்பு வாஷ். வாஷ் என்பது நிறம் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும். பொம்மைமேல் தடவினால் மடிப்பிலும் பள்ளத்திலும் தானே போய்த் தங்கி நிழல் போட்டுக்கொடுக்கும். இந்த ஒரு பாட்டிலுக்காகப் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள். பிரஷ் இரண்டு: நல்லதாக ஒன்று, நாசமானாலும் பரவாயில்லை என்று ஒன்று. அப்புறம் ஒரு கட்டர், ஒரு சின்னக் கத்தி, பசை.

பசை பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பொம்மைக்கான பசை, பிளாஸ்டிக்கை லேசாக உருக்கி ஒட்டவைக்கிறது. உலோகத்துக்கும் ரெசின் என்கிற கெட்டிப் பிசினுக்கும் அது உதவாது, அவற்றுக்கு ஃபெவிக்விக் ரகப் பசைதான். இது தெரியாமல் ஒரு வாரம் ஓர் உலோகக் குள்ளனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

*

கே: கேமல், ஃபெவிக்ரில் அக்ரிலிக் போதுமா மேடம்? வெளிநாட்டு பாட்டில் விலை கட்டுப்படியாகவில்லை. – திருச்சி, கல்லூரி மாணவர்

ப: பழகுவதற்குப் போதும் தம்பி, தைரியமாக ஆரம்பியுங்கள். வித்தியாசம் எங்கே என்றால் அரைப்பில். குட்டிப் பொம்மைக்கென்றே வரும் மினியேச்சர் பெயிண்ட்டில் நிறத்தூள் மிக நைசாக அரைக்கப்பட்டு அதிகமாகவும் இருக்கும். அதனால் மெல்லிய பூச்சிலேயே அடியில் இருப்பது மறையும். கைவினை பெயிண்ட்டில் அதே மறைப்புக்கு மூன்று நான்கு பூச்சு வேண்டியிருக்கும். வெள்ளையும் மஞ்சளும்தான் படுத்தும். என்னைக் கேட்டால் அடர் நிறங்களுக்கு உள்ளூர் டியூப், வெள்ளைக்கும் வெள்ளிக்கும் மட்டும் மினியேச்சர் பாட்டில். வயெஹோ என்கிற ஸ்பெயின் கம்பெனியின் பெயிண்ட், சொட்டு சொட்டாக விழும் மூக்கு பாட்டிலில் வரும். வீணாகாது, காய்ந்தும் போகாது, ரொம்ப நாள் வரும்.

பொம்மையின் அடிப்பீடத்துக்கும் பாறைக்கும் கட்டடத்துக்கும் நான் இன்றைக்கும் மலிவு பெயிண்ட்தான். அங்கே நல்ல பெயிண்ட் அடிப்பது நெய்யில் பாத்திரம் கழுவுகிற மாதிரி.

*

கே: பெட்டிப் படத்தில் இருக்கும் முகமும் கவசத்தின் ஆணியும் என் பொம்மையில் காணவே இல்லை. எல்லாம் ஜீராவில் ஊறியதுபோல் மொழுக்கென்று ஆகிவிட்டது. என்ன தப்பு? – கோவை வாசகி

ப: தண்ணீர் சேர்க்கவில்லை, அதுதான் தப்பு. சொதப்பல் கடிதங்களில் பத்துக்கு ஏழின் நோய் இதுதான்.

பாட்டிலில் இருக்கும் பெயிண்ட் அப்படியே அடிப்பதற்கில்லை. நாம் சுடும் சாதா தோசை மாவுப் பதத்தில் அது இருக்கிறது. நமக்கு வேண்டியது ரவா தோசை மாவுப் பதம். ஒரு பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு பெயிண்ட், பக்கத்தில் ஈரப் பிரஷ்ஷால் கொண்டுவந்த தண்ணீர், இரண்டையும் கலந்து உங்கள் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பிரஷ் முடியின் வரிகள் தெரிந்தால் இன்னும் கெட்டி. கோடு நிற்காமல் நகத்தின் ஓரத்துக்கு ஓடினால் தண்ணீர் அதிகம். நிற்கவும் வேண்டும், வரியும் தெரியக்கூடாது.

முதல் பூச்சு திட்டுத்திட்டாக, கேவலமாக இருக்கும். இந்த இடத்தில்தான் எல்லோரும் பயந்துபோய்க் கெட்டியாக அள்ளி அப்புகிறார்கள். அப்பாதீர்கள். காயவிட்டு இரண்டாவது பூச்சு. டங்கன் ரோட்ஸ் என்று ஒருவர் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் வீடியோக்களில் வருடக்கணக்கில் ‘இரண்டு மெல்லிய பூச்சு’ என்று சொல்லிச் சொல்லியே பிரபலமானார். 2019இல் அங்கிருந்து விலகி, பிற்பாடு அந்த வார்த்தையையே பெயராக வைத்து பெயிண்ட்டும் கொண்டுவந்துவிட்டார். அந்த மந்திரத்துக்கு அவ்வளவு மதிப்பு.

நம் ஊர் வெயிலில் இன்னொரு சங்கடம்: மூடியில் வைத்த பெயிண்ட் பிரஷ்ஷைக் கழுவி வருவதற்குள் காய்ந்துவிடும். அதற்கு வெட் பேலட் செய்துகொள்ளுங்கள். மூடி இறுக்கமான தட்டையான டிஃபன் டப்பா, அதில் நனைத்த பஞ்சுத் துணியோ நாலு மடிப்பு டிஷ்யூவோ, மேலே கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் காகிதம். பெயிண்ட்டை அந்தக் காகிதத்தின் மேல் கலக்குங்கள். கீழிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருப்பதால் மணிக்கணக்கில் காயாது. மூடி வைத்தால் மறுநாளும் இருக்கும். ஒரு வாரம் மறந்துவிட்டால் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளவும்.

*

கே: ஸ்ப்ரே பிரைமர் அடித்தேன். பொம்மை முழுக்க மணல் ஒட்டினதுபோல் சொரசொரப்பு. டப்பா போலியா? – வேளச்சேரி வாசகர்

ப: டப்பாவைச் சந்தேகிக்கும் முன் வானத்தைச் சந்தேகியுங்கள். கடிதத்தின் தேதி நவம்பர். மழை நாளில் மொட்டை மாடியில் நின்று அடித்திருக்கிறீர்கள்!

பிரைமர் என்பது, மேலே வரும் பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு. ஸ்ப்ரே என்பது பறந்து வரும் சின்னத் துளிகள். வெயில் கடுமையாக இருந்தாலோ, டப்பாவை ரொம்பத் தள்ளிப் பிடித்தாலோ துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து பொடியாக வந்து ஒட்டும். காற்றில் ஈரம் மிகுந்தாலும் சொரசொரக்கும், வெளுப்பு படியும், பிடிமானமும் குறையும். ஆக, மே மாத மத்தியானமும் ஆகாது, நவம்பர் சாயங்காலமும் ஆகாது. எங்கள் ஊரில் இன்னொரு விதம். ஒரு ஜனவரியில் பனி கொட்டும்போது கொல்லைப்புறத்தில் நின்று பத்து எலும்புக்கூடு வீரர்களுக்கு வெள்ளை அடித்தேன். பத்தும் மாவில் புரட்டின மீன் மாதிரி ஆனது.

காய்ந்த நாளாகப் பார்த்து, காலை எட்டு ஒன்பது மணிக்கு, டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, விட்டு விட்டு அடியுங்கள். பொம்மைக்கு வெளியே தொடங்கி, பொம்மையைத் தாண்டி, அந்தப் பக்கம் வெளியே முடியவேண்டும். முகக்கவசம் கட்டாயம். கார் பிரைமரும் சிலர் அடிக்கிறார்கள், சரியாகவே வருகிறது. ஆனால் சில ரகம் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், காலிச் சட்டத்தின்மேல் முதலில் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னைவாசிகளுக்கு என் சிபாரிசு, ஸ்ப்ரேயையே மறந்துவிட்டு பிரஷ்ஷால் பூசும் பிரைமர் வாங்குவது. நேரம் கூடுதலாகும். மழை, வெயில், பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருக்கிறார் என்கிற எந்தத் தொல்லையும் கிடையாது. பூசி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் நகம் பட்டதும் உரியும்.

அதற்கு முன்னால் பொம்மையைக் கழுவினீர்களா? அச்சிலிருந்து சுலபமாக எடுக்கத் தடவும் எண்ணெய், ரெசின் பொம்மைகளில் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் விளக்கும் சோப்பு, பழைய டூத் பிரஷ். அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் ஓடும் மெல்லிய வரம்பையும் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுரண்டாமல் விட்டால் வாஷ் போட்டதும் வீரனின் நெற்றியில் தையல் போட்டதுபோல் எழுந்து நிற்கும்.

என் அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பெயிண்ட் அடித்தவர். பக்கவாட்டில் பூ, பின்னால் கழுகு, நம்பர் பிளேட்டுக்கு மேலே முதலாளி பிள்ளைகளின் பெயர். தகரத்தைத் தேய்த்துத் துடைக்கவே அவருக்கு இரண்டு நாள் ஆகும். “அடியில சுத்தமில்லன்னா மேல அழகு தங்காது” என்பார். அப்போது எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது.

*

கே: எந்தக் கையேட்டைப் பார்த்தாலும் தோலுக்கு இளஞ்சிவப்புதான் சொல்கிறார்கள். என் படையில் இருப்பவர்கள் நம் நிறத்தில் இருக்கவேண்டும் என்று ஆசை. பழுப்பு அடித்துப் பார்த்தேன், மரப்பாச்சி மாதிரி ஆகிவிட்டது. – ஸ்கார்பரோ, கனடா

ப: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் முதல் மூன்று வருடம், கேள்வியே கேட்காமல் எல்லா வீரனுக்கும் வெள்ளைக்காரத் தோல்தான் அடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது என் கையையே பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்து, கலவை கலவையாகத் தீற்றி ஒப்பிட்டேன். நம் தோல் பழுப்பு இல்லை, அதுதான் விஷயம். அதில் சிவப்பு இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, நிழலில் கொஞ்சம் ஊதாகூட இருக்கிறது. ஒரே பழுப்பை அடித்தால் மரப்பாச்சிதான் வரும்.

நான் இப்போது செய்வது: அடிப்பூச்சுக்கு சிட்டடெல் பெயிண்ட்டில் ரைனாக்ஸ் ஹைட், அதாவது கறுப்பு சாக்லேட் நிறம். அது பள்ளங்களில் மட்டும் மிஞ்சும்படி மேலே மார்ன்ஃபேங் பிரவுன், இது செங்கல் கலந்த பழுப்பு. அப்புறம் அதிலேயே வெளிர் தோல் நிறம் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மூக்குத்தண்டு, கன்னமேடு, முகவாய், விரல்முட்டிகள். டியூப் பெயிண்ட்தான் இருக்கிறது என்றால் பர்ண்ட் அம்பர், பர்ண்ட் சியன்னா, எல்லோ ஓக்கர் மூன்றும் போதும். மாநிறம் வேண்டுமா, ஓக்கரைக் கூட்டுங்கள். கறுப்பு நிறம் வேண்டுமா, அம்பரில் ஒரு துளி அடர் நீலம்.

மூன்று எச்சரிக்கை. வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலக்காதீர்கள், சாம்பல் பூத்த முழங்கை மாதிரி வறண்டு தெரியும், ஓக்கரையோ ஆரஞ்சு சாயலையோ கலக்கவேண்டும். நிழலுக்குக் கறுப்பு வாஷ் வேண்டாம், முகம் அழுக்காகிவிடும். மூன்றாவது, கறுத்த தோலில் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடைவெளி அதிகமாக இருக்கவேண்டும். எண்ணெய் தேய்த்த தோளில் வெயில் படுவதை நினைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு பளிச்சென்று இருக்கும்! அந்தப் பளபளப்பைக் காட்டப் பயந்தால் முகம் தட்டையாகிவிடும்.

கடைசியாக, உள்ளங்கை. எல்லோரும் மறப்பது இதைத்தான். கறுத்த தோல்காரர்களிடம் ரத்தசோகை இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பதே உள்ளங்கையிலும் கீழ் இமையின் உட்புறத்திலும்தான், அங்கே நிறம் வேறு என்பதால். விரித்த கையோடு நிற்கும் மந்திரவாதிக்கு உள்ளங்கையை மட்டும் இளம் ரோஜா பழுப்பாக அடித்துப் பாருங்கள். ஆள் உயிரோடு எழுந்து நிற்பார்.

*

கே: கண் வைக்க முடியவில்லை. எல்லா வீரனும் பேயைப் பார்த்தவன்போல் முழிக்கிறான். – யாழ்ப்பாணம் வாசகர்

ப: வைக்காதீர்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. பொம்மையின் உயரம் பாதத்திலிருந்து கண்வரை கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர். தலையையும் கையையும் வேண்டுமென்றே பெரிதாக்கித்தான் செதுக்குகிறார்கள், அப்படியும் கண் என்பது ஒரு கடுகின் பாதிகூட இல்லை. விளையாடும்போது பொம்மை மேசையில் இருக்கும், நீங்கள் ஒரு கை தூரத்திலாவது இருப்பீர்கள். அங்கிருந்து பார்த்தால் கண் ஒரு நிழல், அவ்வளவுதான். கண்குழியில் அடர் பழுப்பு வாஷ் விட்டால் போதும், கோபக்கார முகமாகத் தெரியும்.

அப்பா கழுகுக்குக் கண் வைத்தபோது நான் பக்கத்தில் நின்று, “வட்டமா இல்லியே” என்றேன். “பின்னால வர்ற டிரைவருக்கு இது வட்டந்தான், நீ தள்ளிப்போய் நின்னு பாரு” என்று சாலையின் அந்தப் பக்கம் அனுப்பினார். அங்கிருந்து பார்த்தால் கழுகு என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறோம், அதே தூரத்திலிருந்து தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறோம். பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பொம்மையைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் தெரியாத குறை, குறையே இல்லை.

தலைவன், மந்திரவாதி மாதிரி ஒன்றிரண்டு பேருக்குக் கண் வேண்டும்தான் என்றால், முகத்துக்கு முன்னால் கண்ணை முடியுங்கள். குழிக்குள் கறுப்பு, அதன்மேல் மங்கிய வெள்ளையில் சின்னக் கோடு (சுத்த வெள்ளை வேண்டாம்), அதன்மேல் கருவிழி. கருவிழியைப் புள்ளியாக வைத்தால்தான் முழிப்பு வருகிறது. மேல் இமையிலிருந்து கீழ் இமைவரை செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள். இரண்டு கண்ணும் நேராகப் பார்ப்பதைவிட ஒரு பக்கமாகப் பார்ப்பது சுலபம். பிசகினால் தோல் நிறத்தை வைத்துச் சுற்றி மூடிவிடலாம், அதற்காகத்தான் கண்ணை முதலில் முடிப்பது.

*

கே: கண்ணுக்கும் பொத்தானுக்கும் 000 பிரஷ் வாங்கலாமா?

ப: வேண்டாம். அவ்வளவு சின்னப் பிரஷ் பெயிண்ட்டைத் தாங்காது, பொம்மையைத் தொடுவதற்குள் முனை காய்ந்துவிடும். 1 அல்லது 2 எண், முனை ஊசியாகக் கூடுவதாக வாங்குங்கள். முனைதான் வரைகிறது, வயிறு தண்ணீர்க் குடம். விக்டோரியா மகாராணிக்கென்று 1866இல் வின்ஸர் அண்ட் நியூட்டன் பிரஷ் செய்தபோது, அவருக்குப் பிடித்த அளவு 7 என்பதால் அந்த வரிசைக்கே ‘சீரிஸ் 7’ என்று பெயர் வந்தது. இன்றைக்கும் அதுதான் பலருடைய கனவு பிரஷ். முதல் வருடம் உங்களுக்கு அது தேவையில்லை. செயற்கை முடி போதும். தகரக் கழுத்துவரை பெயிண்ட்டில் முக்காதீர்கள், தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்தாதீர்கள், நாக்கில் வைத்துக் கூராக்காதீர்கள். மூன்றாவதை நான் செய்கிறேன். நீங்கள் செய்யாதீர்கள்.

*

கே: என் கணவர் நான்கு வருடமாகப் பொம்மை வாங்குகிறார். அலமாரி நிறையப் பெட்டி. ஒன்றுக்கும் பெயிண்ட் அடித்த பாடில்லை. இதற்கு மருந்து உண்டா? – சிங்கப்பூர் வாசகி

ப: நோய்க்குப் பெயர் இருக்கிறது: ‘பைல் ஆஃப் ஷேம்’. உலகம் முழுக்க இந்தக் குவியலுக்கு இதுதான் பெயர். மருந்து இல்லை. அலமாரியில் ஐந்தே ஐந்து பொம்மையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மற்றதைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கும் சேர்த்து ஒரே நிறத்தை வரிசையாக அடித்துக்கொண்டு போவது நல்ல வழி. ஐந்தாவதை முடிப்பதற்குள் முதலாவது காய்ந்திருக்கும். என் மூன்றாவது அலமாரியைப் பற்றி யாரும் கேட்காததால் நான் சொல்லப்போவதில்லை.

*

கே: கான்ட்ராஸ்ட் பெயிண்ட் போடுவது ஏமாற்று வேலை என்கிறார் என் நண்பர்.

ப: குக்கரில் சோறு வைப்பது ஏமாற்று என்றால் இதுவும் ஏமாற்றுதான். 2019இல் வந்த சரக்கு. வெளிர் பிரைமரின் மேல் ஒரே பூச்சு, மேடு வெளுத்து பள்ளம் அடர்ந்து தானே நிழல் விழும். துணி, ரோமம், எலும்பு, ஓர்க் தோல் எல்லாம் பிரமாதமாக வரும். பெரிய தட்டையான கவசம், தேர், வாகனம் மாதிரி இடங்களில் மட்டும் திட்டாக நிற்கும், அங்கே சாதா பெயிண்ட்டுக்குப் போய்விடுங்கள். தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள், அதற்கென்று மீடியம் என்று ஒரு திரவம் விற்கிறது. உங்கள் நண்பர் எத்தனை பொம்மை முடித்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்களேன்.

*

கே: சொதப்பிய பொம்மையிலிருந்து பெயிண்ட்டை எடுக்க வழி உண்டா? – மதுரை வாசகர்

ப: உண்டு. உங்கள் வீட்டு பாத்ரூமிலேயே இருக்கும்: டெட்டால், அந்தப் பழுப்பு நிறச் சரக்கு. இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்கிறார்கள்.

தண்ணீர் கலக்காத டெட்டாலை மூடி உள்ள கண்ணாடி ஜாடியில் ஊற்றி, பொம்மையை ஒரு நாள் முழுக்க முக்கி வையுங்கள். பிளாஸ்டிக்கும் உலோகமும் தாங்கும். ரெசினைப் போடாதீர்கள், சில ரகம் இளகிவிடும். மறுநாள் கையுறை மாட்டிக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். இங்கேதான் முக்கியமான விஷயம். தேய்க்கும்போது தண்ணீர் படக்கூடாது. தண்ணீர் பட்டால் உரிந்த பெயிண்ட் பிசின்போல் ஆகி, மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வராது. இன்னும் கொஞ்சம் டெட்டாலைத் தொட்டே தேய்த்து, அதிலேயே அலசி, எல்லாம் போனபிறகுதான் சோப்புத் தண்ணீர்.

பூனை வளர்ப்பவர்கள் கவனம், டெட்டால் பூனைக்கு விஷம். ஜாடியை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். வீடு முழுக்க வார்டு வாசனை அடிக்கும். எனக்கு அது பழகிவிட்டது, என் மகன்தான், “அம்மா, லீவு நாள்லயும் ஆஸ்பத்திரியா?” என்று கத்தினான்.

ஆனால் முதல் பொம்மையைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும், ஒரு வருடம் கழித்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு.

*

கே: ஒன்பது வயது மகளுக்கும் ஆசை. ஆபத்தில்லையே? – ஹாரோ, லண்டன்

ப: தண்ணீர் பெயிண்ட், பிரஷ், வெட் பேலட் எல்லாம் அவள் கையில் கொடுங்கள். கத்தி, ஃபெவிக்விக் ரகப் பசை, ஸ்ப்ரே மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். பசையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் பொம்மைகள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள். ரெசினை அறுக்கவோ தேய்க்கவோ விடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பெரியவர்களும் அதை நனைத்துத்தான் தேய்க்கவேண்டும். பழைய உலோகப் பொம்மைகளைச் சந்தையில் மலிவாக வாங்கி வந்தீர்களானால் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, குழந்தை கையில் தராதீர்கள். நீங்களும் தொட்டபின் கை கழுவாமல் முறுக்கு எடுக்காதீர்கள்.

குதிரையை ஊதாவாக அடித்தாள் என்றால் திருத்தாதீர்கள். ஊதாக் குதிரை எல்லாப் படையிலும் ஒன்று இருக்கவேண்டியதுதான்.

*

கே: அடிப்பீடத்துக்கு என்ன போடுகிறீர்கள்? கடையில் விற்கும் புல்லும் மண்ணும் யானை விலை.

ப: கடைக்கு எதற்குப் போகிறீர்கள்? ஃபெவிகாலைத் தடவி, சலித்த மணலில் அழுத்துங்கள். காய்ந்ததும் அடர் பழுப்பு, அப்புறம் டிரை பிரஷ். நாசமான அந்த இரண்டாவது பிரஷ்ஷில் வெளிர் பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மிச்சத்தை மணல்மேல் லேசாகத் தட்டித் தேய்த்தால் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டும். முகத்துக்குப் பவுடர் போடும் வட்டப் பிரஷ் இதற்கு இன்னும் நல்லது. தேங்காய் நாரைப் பொடியாக வெட்டினால் காய்ந்த புல். வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்தால் காட்டுத்தரை, மொறுமொறுவென்று காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், ஜாக்கிரதை. இங்கே இலையுதிர் காலத்தில் பிர்ச் மரத்தின் காய்க்கொத்தைக் கையில் கசக்கினால், மேப்பிள் இலை வடிவில் குட்டிக் குட்டிச் செதில்கள் கொட்டும். பொம்மைக்கு அளவெடுத்துச் செய்த சருகு. பார்க்கில் கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவேன். துணி துவைக்கும் நாளில் அதற்கான பலன் கிடைக்கும்.

*

கே: நீங்கள் போட்டிக்குப் போயிருக்கிறீர்களா? அடுத்த மாதம் நாட்டிங்ஹாம் பக்கம் வருகிறேன், எதைப் பார்க்கலாம்? – துபாய் வாசகர்

ப: போட்டிக்குப் போனதில்லை. கோல்டன் டெமன் என்கிற பெரிய போட்டி 1987இலிருந்து நடக்கிறது. ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு கையில் ஏந்தும் அளவு நிஜ வாள் ஒன்றைக் கொடுப்பார்கள். அங்கே வரும் பொம்மைகளை ஒரு கை தூரத்தில் பார்த்தால் போதாது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாது. அது வேறு உலகம். பாகவதர் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து குளியலறையில் பாடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி நான்.

நாட்டிங்ஹாமில் லென்டன் பக்கம் வார்ஹேமர் வேர்ல்ட் இருக்கிறது. வாசலில் கவசம் போட்ட பிரம்மாண்டமான சிலை நிற்கும், தவறவிட வழியில்லை. உள்ளே கடை, விளையாடும் மேசைகள், ‘பக்மன்ஸ்’ என்று, வார்ஹேமர் கதையில் பீர் காய்ச்சும் குள்ளனின் பெயரில் ஓர் உணவகம், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கண்காட்சி. கண்காட்சியில் ஒரு அறை அளவுக்குப் பெரிய போர்க்களக் காட்சிகள் இருக்கின்றன, ஆயிரக்கணக்கில் பொம்மை. படிக்கும் கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள். வெளியே வரும் வழி கடை வழியாகத்தான். கிரெடிட் கார்டை மட்டும் ஓட்டல் அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.